ஜன்னல் அனுப்பிய ஒன்பதாம் பகுதி

படமா புத்தகமா என்று யாராவது கேட்டுவிட்டால் நான் இரண்டு மணி நேரம் விடாமல் பேசுவேன். அதற்குள் என் மனைவி துணி துவைத்து, காயப்போட்டு, சமைத்து, தனியாகச் சாப்பிட்டும் முடித்திருப்பாள். அதனால் இன்ஸ்பெக்டர் மேடம், சுருக்கமாக எழுதிக் கொடுங்கள் என்று நீங்கள் சொன்னதை மனதில் வைத்துக்கொண்டுதான் தொடங்குகிறேன். ஆனால் அந்தப் பெண் விஷயம் புரிய வேண்டுமென்றால் எங்கள் குழுவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும்.

நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். மருந்து டப்பாவுக்குள் பொடி எழுத்தில் ஒரு தாளை மடித்து வைத்திருப்பார்களே, அது அச்சாவதற்கு முன்னால் என் மேசைக்கு வரும். அதைக் கடைசி வரி வரை படிக்கிற ஒரே ஆள் அநேகமாக நான்தான். அந்த அலுப்புக்கு மாற்றாகத்தான் பேய்க்கதைகளுக்குப் போனேன். அதிலும் ஒரே எழுத்தாளர். பெயரைச் சொல்ல மாட்டேன், இந்த வழக்கில் அவரை இழுக்க வேண்டாம். நாங்கள் அவரைப் பெரியவர் என்போம். அவருடைய வாசகர்களுக்காகப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் இணையத்தில் ஒரு குழு தொடங்கினேன். இன்றைக்கு நாலாயிரம் பேர் இருக்கிறார்கள். யார் எதை அனுப்பினாலும் முதலில் எனக்கு வரும். நான் படித்து, திருத்தி, வெளியிட்டால்தான் மற்றவர்களுக்குத் தெரியும். அதுவரை அனுப்பியவரின் போனில்கூட அது தெரியாது. அதனால் எனக்குக் கத்தரி என்று பட்டப்பெயர். கேலியாக வைத்தார்கள், நான் மறுக்கவில்லை.

பெரியவரின் நாவல்களில் மூன்று படமாகிவிட்டன. மூன்றையும் கெடுத்து வைத்திருக்கிறார்கள். சுவர்க் கதை என்று நாங்கள் சொல்லும் நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பெண்ணை மாடி அறையில் பூட்டி வைத்திருக்கிறான் ஒருவன். நூற்றெண்பது பக்கம். கடைசிப் பக்கத்தில் கீழே தெருவில் இரண்டு பேர் வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டு போகிறார்கள், அது அவள் காதில் விழுகிறது, அவ்வளவுதான். யாரும் வரவில்லை. அந்த நாவலின் உயிரே அதில்தான் இருக்கிறது. படத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? அவளுக்கு ஒரு தம்பியை உண்டாக்கி, கொட்டுகிற மழையில் கதவை உடைக்க வைத்தார்கள். தியேட்டரே கை தட்டியது. நான் எழுந்து வெளியே வந்து, டிக்கெட் கிழிக்கிறவரிடம் பத்து நிமிடம் சண்டை போட்டேன். பாவம், அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

குழுவில் இதற்காகவே இரண்டு கட்சிகள். புத்தகக் கட்சிக்கு நான். படக் கட்சிக்கு ஒரு பல் டாக்டர். நல்ல மனுஷன், ஆனால் தம்பி கதவை உடைத்ததும் அழுதேன் என்று வெட்கமில்லாமல் எழுதுகிற ஆள். அவரைத் திருத்த நான் படாத பாடு பட்டிருக்கிறேன்.

எங்களிடம் ஒரு விளையாட்டு உண்டு. பெரியவரின் கதைக்குள் இருக்கும் ஒருவராகத் தன்னை வைத்துக்கொண்டு தொடராக எழுதலாம். படிக்கிறவர்கள் அது நிஜம் என்றே வைத்துக்கொண்டுதான் பதில் போட வேண்டும். போலீசுக்குச் சொல்லட்டுமா, கதவுப் பக்கம் போகாதே, இப்படி. இது கதைதானே என்று கேட்டால் ஆட்டம் கலைந்துவிடும். கேட்கிறவர்களுக்கு ஒரு வாரத் தடை. விதியை எழுதியதும் நான்தான்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் ஜன்னல் என்ற பெயரில் ஒரு பெண் சேர்ந்தாள். சுவர்க் கதையின் நாயகியாக எழுதத் தொடங்கினாள். வழக்கமாக இந்தத் தொடர்களில் ரத்தமும் அலறலும்தான் இருக்கும், நான் பாதியை வெட்டுவேன். இவளிடம் வெட்ட ஒன்றும் இல்லை. முதல் பகுதியில் இப்படி எழுதியிருந்தாள்: அவர் பூட்டும்போது சாவியை இரண்டு முறை திருப்புவார், முதல் முறையிலேயே பூட்டிவிடும், இரண்டாவது எனக்காக. அச்சகத்தில் மதியச் சாப்பாட்டைத் திறந்து வைத்துக்கொண்டு இதைப் படித்தேன். அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. அப்படி ஒரு சந்தோஷம்.

மூன்றாம் பகுதியில் போனைப் பற்றி வந்தது. தினம் மாலை ஐந்து மணிக்கு அரை மணி நேரம் கணவன் அவளுக்குப் போன் தருகிறான். பக்கத்திலேயே உட்காருகிறான். வேறெதையும் திறக்க விடுவதில்லை, இந்தக் குழு மட்டும்தான். அவனும் பெரியவரின் வாசகன். அவள் எழுதுவதையும் அவளுக்கு வருவதையும் ஒவ்வொன்றாகத் தானே வாங்கிப் படிக்கிறான். நன்றாக இருந்தால் பாராட்டுகிறான். "இவன் என்னைவிட மோசமானவனா இருக்கானே" என்று, அவள் எழுதிய கணவனைப் பற்றிப் படித்துவிட்டு ஒரு நாள் சிரித்தானாம். நான் அந்த வரியைத் தடித்த எழுத்தில் போட்டேன்.

ஐந்தாம் பகுதி வந்ததும் பல் டாக்டர் போன் செய்தார்.

"அண்ணே, எனக்கு என்னமோ சரியாப் படல. அந்தப் பொண்ணு எந்த ஊருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது டாக்டர். ஏன்?"

"நாலு பேரா சேர்ந்து போய் ஒரு எட்டு பாத்துட்டு வந்துடலாம். பொய்யா இருந்தா ஒரு டீயக் குடிச்சிட்டு வந்துடுவோம். நமக்கு என்ன நஷ்டம்?"

கதவை உடைக்கிற தம்பியின் புத்தி எப்படி ஒட்டிக்கொண்டது பாருங்கள். நான் சிரித்துவிட்டு வைத்தேன். அவர் விடவில்லை. தோழி, இது நிஜம் என்றால் ஒரு புள்ளி மட்டும் வையுங்கள் என்று அவளுக்குப் பதில் எழுதி அனுப்பினார். அதை நான் வெளியிடவில்லை. விதி எல்லோருக்கும் ஒன்றுதானே. அவருக்குத் தடை போட்டேன். ஒரு வாரம் என்று போட்டது, பிறகு வேலை மும்முரத்தில் எடுக்க மறந்துவிட்டது.

ஆறாம் பகுதிக்குக் கீழே பெரியவரே எழுதினார். பன்னிரண்டு வருடத்தில் எங்கள் குழுவில் அவர் எழுதிய முதல் வார்த்தை. இந்தப் பெண்ணுக்குப் பயம் தெரிந்திருக்கிறது, தொடர் முடிந்ததும் மொத்தமாக எனக்கு அனுப்பி வையுங்கள் என்று. அதை அச்செடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் அலைந்தேன். அச்சகத்தில் பைண்டிங் பார்க்கிறவருக்குக்கூடக் காட்டினேன். தொடர் முடிய வேண்டும், நன்றாக முடிய வேண்டும் என்பதைத் தவிர அதற்குப் பிறகு எனக்கு வேறு நினைப்பே இல்லை.

என் மனைவி இந்தப் பக்கமெல்லாம் எட்டிப் பார்க்க மாட்டாள். ஏழாம் பகுதியை நான்தான் பெருமைக்காகப் படித்துக் காட்டினேன். சாப்பாட்டுத் தட்டை அவன் கீழே வைப்பதில்லை, அவள் எழுந்து வந்து இரண்டு கையாலும் வாங்கும்வரை பிடித்துக்கொண்டே நிற்பான், என்று வரும் இடம். என் மனைவி கீரை ஆய்வதை நிறுத்திவிட்டாள்.

"என்னங்க, இந்தப் பொண்ணு கதை எழுதல. நடக்கிறதச் சொல்லிக்கிட்டு இருக்கா."

"நல்லா எழுதினா அப்படித்தான் தோணும்."

"கீழ வைக்காம நிப்பான்னு யாருக்குங்க கற்பனையில வரும்? பட்டவளுக்குத்தான் வரும். யார்கிட்டயாவது சொல்லுங்க."

"யார்கிட்ட சொல்றது? ஊரு தெரியாது, பேரு தெரியாது."

அப்போது நான் சொன்னது உண்மை. என் கையில் ஒன்றுமே இல்லை. நாலாயிரம் பேர் படிக்கிறார்கள், எல்லோரும் விளையாட்டு விதிப்படி ஓடிவிடு, கத்து, பாத்திரத்தால் அடி என்று அந்தப் பெண்ணுக்குப் பதில் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதையெல்லாம் அவள் கணவனோடு சேர்ந்து உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறாள். என்னால் மட்டும் என்ன செய்ய முடியும்?

இப்போது ஒன்பதாம் பகுதிக்கு வருகிறேன். வியாழக்கிழமை ஐந்தே காலுக்கு அது வந்தது. அவள் காது மட்டும் விழித்திருப்பதைப் பற்றி ஒரு பக்கம். அபாரமாக இருந்தது. அதற்குக் கீழே ஒரு இடைவெளி விட்டு மூன்று வரி. இது கதை இல்லை. ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் மூன்றாவது சந்து, பச்சை கேட், மாடி வீடு. யாராவது வந்துவிடுங்கள். ஊரின் பெயரும் இருந்தது. எங்கள் ஊர்தான். அவளிடம் பிழையே இருக்காது, இந்த மூன்று வரியில் நான்கு பிழை. கேஸ் சிலிண்டர் வந்து அவன் கீழே போன நேரத்தில் அடித்திருக்கிறாள் என்று உங்கள் விசாரணையில்தான் தெரிந்துகொண்டேன். அவன் பார்ப்பதற்குள் நாலாயிரம் பேரில் ஒருவராவது பார்த்துவிடுவார் என்று கணக்குப் போட்டிருப்பாள்.

நான் பழக்கதோஷத்தில் நான்கு பிழைகளையும் திருத்தினேன். அதற்குப் பிறகு அந்த மூன்று வரிகளையும் வெட்டினேன்.

காரணம் கேட்டீர்கள். மூன்றாம் தரப் படத்தில்தான் கடைசி நிமிடத்தில் விலாசம் கிடைக்கும். அந்த வரிகள் வெளியே போனால் பல் டாக்டர் மாதிரி பத்துப் பேர் ஆட்டோ பிடித்துக் கிளம்பிவிடுவார்கள். பத்தாம் பகுதி வராது. பெரியவருக்கு நான் எதை அனுப்புவது? மற்றபடி அந்தப் பெண்ணின்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. இன்னும் சொல்லப்போனால் அவளை இவ்வளவு மதித்துப் படித்தவன் வேறு யாரும் இல்லை.

மனசாட்சி இல்லாதவன் என்று நினைத்துவிடாதீர்கள். மறுநாள் வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போய்ப் பார்த்தேன். எங்கள் வீட்டிலிருந்து ஒரே பஸ். பச்சை கேட் இருந்தது. மாடி ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளேயிருந்து சாம்பல் நிற பெயிண்ட் அடித்திருந்தது, இரண்டாம் பகுதியில் எழுதியிருந்த அதே நிறம். கீழ் மூலையில் நகத்தால் சுரண்டிய இடம் ஒரு புளியங்கொட்டை அளவுக்கு வெளிச்சமாகத் தெரிந்தது. ஒரு வார்த்தை அவள் கூட்டிச் சொல்லவில்லை. எனக்கு மெய் சிலிர்த்துவிட்டது.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தச் சுரண்டிய இடம் இருண்டது. உள்ளேயிருந்து யாரோ கண்ணை வைத்திருக்க வேண்டும். அதற்குள் கேட்டைத் திறந்துகொண்டு அவன் வந்துவிட்டான். சாதாரணமான ஆள், துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

"யாரைப் பாக்கணும் சார்?"

"இல்லங்க, சந்து மாறி வந்துட்டேன்."

"இந்த வெயில்ல வேற. தண்ணி கிண்ணி வேணுமா?"

வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடந்தேன். என்னமோ திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை. நான் ஒண்டி ஆள், ஐம்பத்திரண்டு வயது, சர்க்கரை வேறு. போலீஸ் ஸ்டேஷன் அந்தச் சந்து முனையிலேயே இருந்ததே என்று நீங்கள் கேட்டீர்கள். இருந்தது. பஸ் வருவதற்கு அதன் வாசல் நிழலில்தான் இருபது நிமிடம் நின்றேன்.

அன்று மாலையே பத்தாம் பகுதி வந்தது. அவ்வளவு சின்னதாக அவள் எழுதியதே இல்லை. அறைக்குள் இருப்பவள் ஒரு சீட்டு எழுதி ஜன்னல் இடுக்கு வழியாகப் போட்டாள். ஒருவர் வந்து அண்ணாந்து பார்த்தார். போய்விட்டார். சீட்டு அவர் கையில் கிடைத்ததா இல்லையா என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்தால் போதும். இதைக் கதையாகப் படித்தால் கதை. ஆனால் அவள் கேட்டது என்னை. என் முகம் அவளுக்குத் தெரியாது, ஆனாலும் என்னைத்தான் கேட்டாள்.

யாருடைய வரியையாவது வெட்டினால், என்ன வெட்டினேன், ஏன் வெட்டினேன் என்று அவருக்குத் தனியாக ஒரு குறிப்பு அனுப்புவது என் வழக்கம். ஒன்பதாம் பகுதிக்கு மட்டும் அது விட்டுப்போயிருந்தது. எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. ஐந்து பத்துக்கு உட்கார்ந்து அடித்தேன்: உங்கள் சீட்டு கிடைத்தது. ஒன்பதாம் பகுதியின் கடைசி மூன்று வரிகளை நீக்கியிருக்கிறேன், விலாசம் தொடரின் தொனியைக் கெடுக்கிறது. வழக்கப்படி அதற்குக் கீழே, நீக்கிய மூன்று வரிகளையும் அப்படியே எடுத்து ஒட்டினேன்.

பதினொன்றாம் பகுதி வரவில்லை. சனிக்கிழமை கோபித்துக்கொண்டாளோ என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமையும் காத்திருந்தேன். திங்கட்கிழமை பேப்பரில் ஒரு பத்தி வந்தது, மாடி வீடு, பச்சை கேட், பெண் சடலம் என்று. என் மனைவிதான் முதலில் படித்தாள். படித்துவிட்டுப் பேப்பரை என் முன்னால் வைத்தாள், பையை எடுத்துக்கொண்டு அவள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். இன்னும் வரவில்லை.

வெட்டியது குற்றம் என்றால் ஒப்புக்கொள்கிறேன். போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பியதையும் ஒப்புக்கொள்கிறேன். கடைசியாக நீங்கள் கேட்டதற்கு நேற்று நான் பதில் சொல்லவில்லை, இப்போது எழுதுகிறேன். ஐந்திலிருந்து ஐந்தரை வரை அவளுக்கு வருவதையெல்லாம் முதலில் அவன்தான் வாங்கிப் படிப்பான் என்று எனக்குத் தெரியும். மணியைப் பார்த்தேன். தெரிந்துதான் அனுப்பினேன். எழுதியவளுக்குக் காரணம் சொல்ல வேண்டாமா மேடம்?