கூரைமேல் நிற்கும் ஆட்டுக்குட்டி

திட்டக்குடி லைப்ரரியிலேர்ந்தா வரவழைச்சீங்க? எனக்காக ரொம்ப மெனக்கெட்டிருக்கீங்க தம்பி. குடுங்க, பாப்போம். ஆமா, இதேதான். வெள்ளத்துல மிதந்து போற கூரைமேல ஆட்டுக்குட்டி நிக்குது பாருங்க, இதே அட்டை. எங்க வூட்ல இருக்கறதுல கடைசிப் பக்கங்க கிழிஞ்சு போயிருக்குது.

பேரப்புள்ளைக்கா? இல்லைங்க. எங்க வூட்டுக்காரருக்கு.

சிரிங்க, பரவால்ல. பீங்கான் கம்பெனியில சூளை மேஸ்திரியா இருந்தவரு. சுனாமி வந்த மறுவருஷம் மறதி ஆரம்பிச்சுது. முதல்ல சாவி வச்ச எடம், அப்புறம் கடைத்தெருவுக்குப் போற வழி, அப்புறம் பெத்த புள்ள பேரு. இப்ப அவருக்கு ஏழெட்டு வயசு. ஒருநாளு டிரங்குப் பெட்டியக் கிளறி இந்தப் புஸ்தகத்த எடுத்தாந்து, படிங்கன்னு என் மடியில வச்சாரு. எழுத்துக் கூட்டிப் படிக்கக் கத்துக்கிட்டதே இதுலதானாம், கல்யாணமான புதுசுல சொல்லியிருக்காரு.

எனக்குப் படிக்கத் தெரியும் தம்பி. ஆனா நான் வளந்தது பதிகத்துல. கதைப் புஸ்தகத்த எங்கப்பா வூட்டுக்குள்ளயே சேக்க மாட்டாரு. பழமலைநாதர் சந்நிதியில நின்னு பாடத்தான் எனக்கு எழுத்தே சொல்லிக்குடுத்தாரு. அந்தப் பழக்கத்துல இந்தக் கதையையும் ராகம் போட்டு இழுத்துட்டேன். அவருக்குக் கோவம் வந்துடுச்சு. ஆட்டுக்குட்டி பாடுமா, ஒழுங்காக் கத்துங்கன்னாரு. இந்த வயசுல மே மேன்னு கத்தினேன். பக்கத்து வூட்டு பூவாயி மதிலுக்கு மேல எட்டிப் பாத்து, என்னாக்கா, ஆடு வாங்கிட்டீங்களான்னு கேக்குறா. அவளத்தான் இப்பக்கூட அவருக்குத் துணையா உக்கார வச்சுட்டு வந்திருக்கேன்.

நல்லாயிருந்த காலத்துல என்னைக் கேலி பண்ணுவாரு. உன் பதிகப் புஸ்தகத்துல முதப் பாட்டுலியே சாமி வந்துடறாரு, அப்புறம் என்னா ஆவுமோன்னு நெனைக்க என்னா இருக்குதும்பாரு. எனக்கு அது வெளங்கலைங்க. மனசு அடங்கறதுக்குத்தானே படிக்கிறது? இந்தக் குட்டி மிதக்க ஆரம்பிச்சதுக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது. அரிசி களையறப்ப, பிரகாரம் சுத்தறப்ப, பாவம், அது என்னா ஆச்சோன்னே ஓடுது. புள்ளையா இருந்தப்ப வந்திருக்க வேண்டிய தவிப்பு, எனக்கு இப்ப வந்திருக்குது. அவருக்கு அது அந்த வயசுலியே உள்ள போய் உக்காந்துடுச்சு. எல்லாம் போயும் அது மட்டும் போகலை.

கூரை ஒரு கரையோரமா ஒதுங்கற எடத்துல எங்க புஸ்தகம் கிழிஞ்சிருக்குது. வூடு சேந்துச்சான்னு என் கையப் புடிச்சுக்கிட்டுக் கேப்பாரு. நாளைக்குப் பாப்போம்பேன். மறுநாளு மறுபடி முதல்லேர்ந்து. பாராயணத்துக்கு உக்காந்தா முடிக்காம எழுந்திருக்கக் கூடாதுன்னு வளத்தவரு எங்கப்பா. தெனமும் பாதியில விடறது எனக்கு உறுத்திச்சு. அதனாலதான் அன்னிக்கு உங்ககிட்ட வந்து, முழுப் புஸ்தகம் கெடைக்குமான்னு கேட்டேன்.

இல்லைங்க, என் பேர்ல எழுத வேணாம். இங்கியே இருக்கட்டும். கோவிச்சுக்காதீங்க தம்பி, வேணும்னு அலைய வைக்கலை. நான் அந்தக் கடைசிப் பக்கத்தப் பிரிச்சுக்கூடப் பாக்க மாட்டேன். பாத்தா நாக்கு சும்மா இருக்காது.

உங்ககிட்ட கேட்டுட்டுப் போன வாரத்துல, உறுத்தல் தாங்காம நானே ஒரு முடிவச் சொல்லிட்டேன். குட்டி கரையேறிடுச்சு, அம்மாகிட்ட போய்ச் சேந்துடுச்சுன்னு. அவரு மொகம் அப்படியே மலந்துடுச்சு. புஸ்தகத்த மூடினாரு. என் கைய விட்டாரு. எழுந்து போய் என் செருப்பத் தேடி எடுத்தாந்து வாசப்படியில வச்சுட்டு, நேரமாயிடுச்சுங்க, உங்க வூட்ல தேடுவாங்க, போயிட்டு வாங்கன்னாரு. ரொம்ப மரியாதையாத்தான் சொன்னாரு.

தெருமொனை வரைக்கும் போனேன். பைப்படியில கொஞ்ச நேரம் நின்னேன். திரும்பி வந்து கதவத் தட்டினா, உள்ளேர்ந்து யாருங்கன்னு கேக்குறாரு. கதை படிக்கறவங்கன்னேன். உடனே தொறந்துட்டாரு.