பச்சைமலைக்குப் பாதை வந்த விதம்

மலைப்பாதையில் ஜீப் ஓட்டுவது எனக்குப் பிடிக்கும், சார். எங்கள் ஸ்ரீரங்கத்தில் தெருவுக்குத் தெரு டூரிஸ்ட் பஸ் நிற்கிறது; சைக்கிளைக்கூட நிம்மதியாக ஓட்ட முடியாது. பச்சைமலையில் எதிரே யாரும் வருவதில்லை. ஜீப் மட்டும் ஏறுகிற மண்தடம்; ரோடு இருந்தால்தானே வருவார்கள்.

ஆவணப்படம் எடுப்பது என் தொழில். சாக்கடைக்குள் இறங்கிச் செத்தவர்களைப் பற்றி எடுத்திருக்கிறேன். செங்கல் சூளைப் பிள்ளைகளைப் பற்றி எடுத்திருக்கிறேன். திருச்சியில் ஹால் பிடித்துத் திரையிடுவேன். வருவார்கள், கைதட்டுவார்கள், வெளியே நின்று டீ குடித்துக்கொண்டே பெட்ரோல் விலை பேசுவார்கள். அந்தக் கைதட்டலைப் போல என் வயிற்றை எரித்தது வேறெதுவும் இல்லை.

பச்சைமலைப் படத்துக்கும் முதலில் அதே கதிதான். தார் ரோடு முடிகிற இடத்துக்கு வெகு மேலே இருக்கிற ஊர் அது. மரவள்ளி மூட்டையையும் நோயாளியையும் ஒரே தோளில்தான் சுமந்து இறக்குகிறார்கள். அதை ஊரே கேமரா முன்னால் உட்கார்ந்து சொன்னது. படத்தைப் பார்த்த ஒரு பெரிய அதிகாரி என்னிடம் வந்தார்.

"நல்லா எடுத்திருக்கீங்கம்மா. ஆனா எல்லாரும் பேசிட்டே இருக்காங்க. மனசை உலுக்கற மாதிரி ஒண்ணும் இல்லையே."

நான் சிரித்துக்கொண்டே நன்றி சொன்னேன்.

மறுபடி மலைக்குப் போனபோது அந்த ஊர்ப் பெண் மலர்க்கொடி நிறைமாதம். அவளை முன்கூட்டியே கீழே ஆஸ்பத்திரி இருக்கிற உப்பிலியபுரத்துச் சொந்தக்காரர் வீட்டில் கொண்டுபோய் விட அவள் புருஷன் பிச்சமுத்து நினைத்திருந்தான். நான்தான் தடுத்தேன்.

"எதுக்கு அவளை அலைக்கழிக்கிறீங்க? நான் இங்கதான் தங்கப்போறேன். வலி எடுத்தா ஜீப் இருக்கு."

மலர்க்கொடி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க இருந்தா பயமில்லக்கா" என்றாள். அந்தக் காட்சி நன்றாக வந்திருக்கிறது.

ஒரு காலையில் வலி எடுத்தது. ஜீப் கிளம்பவில்லை. பேட்டரி ஒயரை நான் கழற்றி வைத்திருந்தேன். பிச்சமுத்து தள்ளிப் பார்த்தான், ஓங்கி உதைத்துப் பார்த்தான். பிறகு மூங்கிலில் புடவையைத் தூளியாகக் கட்டி, அதில் அவளைப் படுக்கவைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். நான் கேமராவோடு பின்னால் நடந்தேன். பனி விலகி வெளிச்சம் அழகாக விழுந்திருந்தது.

கொஞ்ச தூரத்திலேயே புடவை சிவந்துவிட்டது.

"அக்கா, இன்னொரு தடவை வண்டியைப் பாருங்களேன்" என்று பிச்சமுத்து கெஞ்சினான்.

போய்ப் பார்த்திருக்கலாம். நேரம் இருந்தது.

"அது ஓடாதுப்பா. நிக்காம நட" என்றேன்.

தார் ரோடு கண்ணில் படுகிற வளைவில் அவள் உயிர் பிரிந்தது. பிள்ளையும் பிழைக்கவில்லை.

பிணத்தையும் சுமந்து மலையேறச் சொல்வது மனிதத்தன்மை இல்லை. அதனால் நானே மேலே போய் ஜீப்பைக் கொண்டுவந்தேன். பிச்சமுத்து அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்திருந்தான். பாதி மலை ஏறியதும் கேட்டான்:

"அப்ப ஓடாத வண்டி இப்ப எப்படிக்கா ஓடுது?"

அந்தக் கேள்விதான் உங்களிடம் புகாராக வந்திருக்கிறது. கேட்க அவனுக்கு உரிமை உண்டு.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்த இரண்டாவது படத்தைத் திரையிட்டபோது யாரும் கைதட்டவில்லை. அந்த அதிகாரி நாற்காலியை விட்டு எழவே இல்லை. இப்போது மலையில் ஜல்லி கொட்டி ரோலர் ஓட்டுகிறார்கள். ஊரே வாய்விட்டுச் சொன்னபோது காதில் வாங்காதவர்கள், ஒருத்தி செத்துக் காட்டினால்தான் அசைவார்கள் என்றால், கொலைகாரர்கள் யார்? நான் கழற்றியது ஒரு ஒயர்.

என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று எழுதிவிடாதீர்கள், சார். மலர்க்கொடி கடைசியாகத் தண்ணீர் கேட்டாள். கேமராவைப் பாறைமேல் நிறுத்தி, அவள் முகம் தெளிவாகத் தெரிகிறதா என்று சரிபார்த்துவிட்டு, நானேதான் ஓடிப்போய்க் கொடுத்தேன். படத்தில் இருக்கிறது, பாருங்கள்.