கப்பல் சாமான் வியாபாரி

நிலாவெளியிலிருந்து நகரத்துக்குப் போகும் காலை பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். யன்னலோரம் இருந்தவர் மற்றவரிடம் சொன்னார்:

"எங்கட மாமாவைக் கொண்டுபோய் பாருக்குள்ள கொழுவிப்போட்டாங்கள், அக்கா."

"செத்த மனிசனையோ?"

"அவரின்ர படத்தை. துறைமுகத்தடியில இங்கிலீசுக்காரன் தொடங்கின பழைய பார் இருக்கெல்லோ. அதை இப்ப திருத்தி, சுற்றுலா வாற ஆக்களுக்குக் காட்டவெண்டு முதலாளிமாரின்ர படமெல்லாம் வரிசையா வைச்சிருக்கினம். முதல் அந்தத் துரை, பிறகு அவன்ர குசினிக்காரன், மூண்டாவது எங்கட மாமா, நெத்தி நிறையத் திருநீறோட."

"அவர் கப்பல் சாமான் வியாபாரமெண்டெல்லோ உன்ர கலியாணத்தில மாப்பிள்ளை வீட்டார் சொன்னவை?"

"ஓம். வாங்கிக் குடிச்சது கப்பல்காரர்தானே. அதில என்ன பொய்?"

"மனிசன் ஒரு துளி தொட்டதில்லையே."

"தொடேல்லை. ஒவ்வொரு நாளும் கற்பூரம் கொளுத்திப்போட்டுத்தான் முதல் போத்தில் திறக்கிறவர். அவ்வளவு பக்தி."

"படத்தை ஆர் குடுத்தது?"

"இவர்தான், என்ர மனிசன். பழஞ்சாமான் காட்டிற நூதனசாலைக்குக் கேக்கினமெண்டு நினைச்சவராம். மகளுக்குக் கலியாணம் பேசிற நேரம், போய்க் கழட்டச் சொல்லுங்கோ எண்டனான். ஒவ்வொரு பின்னேரமும் அதுக்குத்தான் போறார், பாவம்."

"கழட்டினவையோ?"

பஸ் உப்புவெளியில் நின்று புறப்பட்டது.

"இல்லை. இவருக்கெண்டு அந்தப் படத்துக்குக் கீழயே ஒரு கதிரை ஒதுக்கி வைச்சிருக்கினம்."