வேண்டாம் என்றொரு பொத்தான்

பூநகரியிலிருந்து கிளிநொச்சி நோக்கி விரைந்த பேருந்தில், என் முன்னிருக்கையில் தாதியர் பயிற்சி மாணவியர் இருவர் அமர்ந்திருந்தனர். சன்னலோரத்தவள் சொன்னாள்:

"நான் தேத்தண்ணி குடிச்சு முடிக்கிறதுக்குள்ள கடைசி வீட்டு ஐயா செத்துப்போனாரடி."

பேருந்தின் முன்பாதி முழுவதும் திரும்பிப் பார்த்தது.

"பயிற்சிக்குத் தாற கணினி விளையாட்டிலை," என்று தோழி அவையோர் அனைவருக்கும் பொதுவாக அறிவித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அரை மணித்தியாலத்துக்குள்ள ஆறு வீட்டு நோயாளியளையும் பாக்கோணும். நீ ஏன் ஒவ்வொரு வீட்டிலையும் இருந்து குடிச்சனி?"

"குடிக்கிறியளோ எண்டு கேட்டவையெல்லே."

"வேண்டாம் எண்டும் ஒரு பொத்தான் இருந்தது."

"அதை முகத்துக்கு நேரை எப்பிடியடி அமத்திறது? முதல் வீட்டு அக்கா கதிரையும் இழுத்துப் போட்டவா."

"அவா வெறும் படம்."

"படமெண்டாலும் வாங்கோ எண்டு கூப்பிட்டவா."

"இண்டைக்கும் ஐயாவைச் சாகவிட்டியெண்டால், உன்னை விசுவமடுவுக்கு வீடு பாக்க அனுப்பமாட்டினம்."

பரந்தன் சந்தி வரும்வரை சன்னலோரத்தவள் ஆழ்ந்து சிந்தித்தாள். பின்னர், பட்டிமன்ற நடுவர் தீர்ப்புரைக்கும் நிதானத்தோடு வாய் திறந்தாள்.

"முதல் ஓடிப்போய் ஐயாவை ஆசுபத்திரிக்கு ஏத்திவிடுறன். பிறகு ஆறுதலாத் திரும்பி வந்து அந்த அக்காவிட்டை குடிக்கிறன். பாவம், ஊத்தி வச்சிருப்பா."