மாடத்தி வரிசை

அந்தக் காலத்துல, குளிராட்டி மலையில தேயிலைச் செடி ஒண்ணுகூட இல்லாம, உச்சி வெயில்கூடத் தரைக்கு வராத சோலையா இருந்த காலத்துல, மரம் வெட்ட முப்பது பேர் கீழநாட்டுல இருந்து ஏறி வந்தாங்களாம். அவங்களுக்கு மேஸ்திரி சொரிமுத்து. அவன் பெண்டாட்டி மாடத்திதான் முப்பது பேருக்கும் சோறு பொங்கினவ. நம்ம வம்சத்து மூத்தவ.

மாடத்திக்கும் சோலைமந்திக்கும் ஆகவே ஆகாதாம். இப்போ சிங்கவால் குரங்குன்னு போர்டு வச்சிருக்காங்களே, அதுதான். கொட்டகைக்கு மேல கிளையில தொங்கிக்கிட்டே, இவ உரிச்சு வச்ச பலாச்சுளையை அள்ளிட்டுப் போயிருமாம். ஆனா தரையில கால் வைக்காது. மரம் விட்டு மரம்தான் அதுக்கு ரோடு. "சவத்து மூதிகளா!"ன்னு அகப்பையோட துரத்துவாளாம் மாடத்தி.

மரம் வெட்டுறதுல அந்தக் கூட்டத்துக்கு ஒரு சூட்சுமம் உண்டு. சரிவு முழுக்க எல்லா மரத்தையும் பாதி பாதி வெட்டி நிறுத்திருவாங்க. கடைசியில உச்சியில நிக்கிற தலைமரத்தைச் சாய்ச்சாப் போதும். அது அடுத்ததைத் தள்ளும், அது அடுத்ததைத் தள்ளும், மலையே பெயர்ந்த மாதிரி மடமடன்னு அத்தனையும் விழும். அதுக்கு முன்னால மேஸ்திரி மூணு தரம் கூப்பிடணும். "குடியிருக்கிறவங்க எல்லாம் எறங்கிப் போங்க!" பாம்பு, பறவை, தெய்வம் எல்லாருக்கும் சேர்த்துத்தான்.

அன்னைக்கு, தேயிலைத் தோட்டம் போட வந்த வெள்ளைக்காரத் துரை வாயில சுருட்டோட நிக்கிறான். சொரிமுத்து மூணு தரம் கூப்பிட்டான். கோடாலியை ஓங்கினான். கஞ்சிக் கூடையோட வந்த மாடத்தி பார்த்துட்டா! சரிவுக்கு நடுவுல, பாதி வெட்டின பலாமரத்துல, பதினஞ்சு மந்தி. அதுல ரெண்டு மந்தி வயித்துல குட்டி தொங்குது.

"நிறுத்துங்க! கூப்பிட்டீகளே, அதுக போக வழி வச்சீகளா?"

"அடி கூறுகெட்டவளே, கொரங்குக்கு ரோடு போடவா மலையேறி வந்தோம்?"

அவன் சொல்லி வாய் மூடல, அடிச்சுது பாருங்க காத்து! தலைமரம் தானாவே கிரீச்சுன்னுது. சரிவே முனகுது. முப்பது ஆம்பளையும் துண்டைக் காணோம் துணியைக் காணோம்னு ஓட்டம். துரை அவங்களுக்கும் முன்னால! மாடத்தி மட்டும் கீழ எறங்கி ஓடுறா.

"மாடத்தி! ஏறி வாடி!"ன்னு கதறுறான் புருஷன்.

அவ கேக்கல. சரிவு ஓரத்து ஓடைக்கரையில ஒரு வரிசை மரம் மட்டும் இன்னும் வெட்டுப்படாம நிக்குது. அங்க போய் நின்னு, கூடையில இருந்த அரைப் பலாப்பழத்தைப் பிளந்து தலைக்கு மேல தூக்கினா. "வாங்க மூதிகளா! தெனம் திருடுறீகளே, இப்போ வாங்க!"

வாசம் பிடிச்சுது ஒரு கிழட்டு மந்தி. ஒரே தாவல்! அதுக்குப் பின்னால ஒண்ணு, அதுக்குப் பின்னால இன்னொண்ணு. கீழ ஓடைக்குள்ள மாடத்தி வழுக்கி வழுக்கி ஏறுறா, மேல கிளை கிளையாக் கூட்டம் ஏறுது. கடைசிக் குட்டிக்காரி ஓடைக்கரை மரத்தைப் பிடிச்சதும், பின்னால மொத்தச் சரிவும் விழுந்துச்சாம். சத்தம் அடிவாரத்துக்கே கேட்டுதாம்.

கூட்டம் மேல்சோலைக்குள்ள போயிருச்சு. மாடத்தி முழங்கால் ரெண்டும் ரத்தம்.

துரை திரும்பி வந்து, "அந்த வரிசையையும் வெட்டு"ன்னான்.

சொரிமுத்து கோடாலியை அவன் காலடியில வச்சான். "குடியிருந்தவங்களைப் போகச் சொன்னோம் தொரை. போனாங்க. அவங்க போன வழியை நான் வெட்டமாட்டேன்." அவனுக்குப் பின்னால முப்பது கோடாலியும் தரைக்கு வந்துச்சு. துரை கத்தினான், குதிச்சான். வெட்ட ஆள் வேணுமே!

இன்னைக்கும் போய்ப் பாருங்க. ரெண்டு பக்கமும் தேயிலை. நடுவுல கீழ்ச்சோலைக்கும் மேல்சோலைக்கும் ஒரே கோடா மரம் நிக்குது. மாடத்தி வரிசைன்னு பேரு. மந்திக அதுல போகுது, வருது.

எங்க ஆளுக எந்த மரத்தைச் சாய்ச்சாலும் மூணு தரம் கூப்பிட்டுட்டு, "போக வழி இருக்கா?"ன்னு நாலாவதாக் கேக்கணும். பக்கத்துல நிக்கிற பொம்பளை ஒருத்தி "இருக்கு"ன்னாத்தான் கோடாலி எறங்கும். இந்த மலையில இன்னும் நிக்கிற பெரிய மரம் பூராவும், எவளோ ஒருத்தி வாயைத் திறக்க மாட்டேன்னு நின்ன மரம்தான்.