நீல பாட்டில் வாசனை

தாராளமாகக் காபி குடியுங்கள். எனக்கு ஒரு இடைஞ்சலும் இல்லை. இந்த அறைக்குள் காபி கொண்டு வரக் கூடாது என்று கதவில் ஒட்டியிருப்பது நான் எழுதியதுதான், ஆனாலும் குடியுங்கள். காபி மட்டுமா? வெங்காயம், பூண்டு, தலையில் தடவும் எண்ணெய் எதுவுமே இங்கே நுழையக் கூடாது. இருபத்தாறு வருடமாக நான் மணமில்லாத சோப்பில்தான் குளிக்கிறேன். சென்ட் கம்பெனிக்காரன் உடம்பில் மட்டும் சென்ட் இருக்காது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

கடைகளிலிருந்து திரும்பி வந்த பதினான்காயிரம் பாட்டில்களைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறீர்கள். சொல்கிறேன். அதைச் சொல்ல வேண்டுமென்றால் என் தங்கையின் மூக்கைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அது உங்கள் ஃபைலில் வேறு ஒரு விபத்தாக இருக்கிறது. இரண்டும் ஒரே விஷயம்தான்.

முதலில் நீல பாட்டிலைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆண்களுக்கான சென்ட் என்றால் மரம், தோல், எலுமிச்சை என்றிருந்த காலத்தில் வந்த பூ வாசனை அது. லாவெண்டர், ரோஜா, தொட்டும் தொடாமலும் கிராம்பு, அடியில் மரப்பாசி. பூவைப் போய் ஆம்பளை பூசிக்கொள்வானா என்று ஆரம்பத்தில் கடைக்காரர்களே வாங்க மறுத்தார்களாம். ஐம்பது வருடம் ஆகிவிட்டது. பின்னால் வந்த எத்தனையோ சென்ட்கள் வந்த சுவடு தெரியாமல் போய்விட்டன. இது மட்டும் நிற்கிறது.

ஏன் என்று கேட்டால் விளம்பரக்காரர்கள் ஏதேதோ சொல்வார்கள். என்னைக் கேட்டால், மற்ற சென்ட்கள் ஆளை மறைக்கும், இது மறைக்காது. காலையில் பூ. மத்தியானம் மரம். சாயங்காலம் பூவும் பூசியவனும் ஒன்றாகிவிடுவார்கள். ஒரே பாட்டிலை இரண்டு பேர் பூசிக்கொண்டால் மாலையில் இரண்டு வாசனை. அதனால்தான் ஆள் போன பிறகும் வீடுகளில் இதை வாங்குகிறார்கள். ஒரு அம்மா கம்பெனிக்குக் கடிதம் எழுதியிருந்தார்: ‘வீட்டுக்காரர் தவறி ஆறு வருஷம் ஆகிறது. தலையணையில் ரெண்டு சொட்டு விட்டால்தான் தூக்கம் வருகிறது. தயவுசெய்து இதை மாற்றிவிடாதீர்கள்.’ அந்தக் கடிதத்தை என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தேன். மாறாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை.

அது லேசுப்பட்ட வேலை இல்லை. லாவெண்டர் எண்ணெய் ஒவ்வொரு அறுவடைக்கும் மாறும். மழை அதிகமானால் ஒரு மாதிரி, வெயில் அதிகமானால் ஒரு மாதிரி. காகிதத்தில் இருக்கும் அளவுப்படி கலந்தால் வருவது நீல பாட்டில் இல்லை, அதன் ஒன்றுவிட்ட தம்பி. ஒவ்வொரு பேட்சையும் யாராவது முகர்ந்து பார்த்து, இதில் நாலு சொட்டு, அதில் பத்துச் சொட்டு என்று சரிசெய்ய வேண்டும். எதை வைத்துச் சரிபார்ப்பது? அதற்குத் தாய் பாட்டில். கறுப்புக் கண்ணாடி, இறுக்கமான மூடி, பூட்டிய அலமாரி. மாறாத அசல் வாசனை உலகத்தில் அந்த ஒரு பாட்டிலில்தான் இருந்தது. சாவி என் இடுப்பில்.

கம்பெனியில் என் பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள். ‘மூக்கு’ என்றால்தான் தெரியும். பேக்கிங் பகுதி மேற்பார்வையாளர் மீசைக்காரர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், “மூக்கு சார், மாஸ்க் போட்டுக்கிட்டு நடங்க. உங்க மூக்குல கொசு கடிச்சா எங்க அம்பது குடும்பத்துக்கும் சம்பளம் கிடையாது” என்பார். நானும் சிரிப்பேன். அந்தக் கிண்டல் எனக்குப் பிடிக்கும்.

என் தங்கைக்கு என்னைவிட மூன்று வயது குறைவு. பதினோரு வருடத்துக்கு முன் நான்தான் அவளை எடை மேஜைக்குச் சேர்த்துவிட்டேன். எண்ணெய்களை அளந்து கொடுக்கும் வேலை. அவள் கணவர், எங்கள் மாப்பிள்ளை, லிஃப்ட் மெக்கானிக். முதல் தடவை எங்கள் வீட்டுக்கு வந்தபோது கிரீஸ் வாடையை மறைக்க அரை பாட்டில் நீலத்தைக் கொட்டிக்கொண்டு வந்தார். “ஆள் இன்னும் மாடி ஏறலை, வாசனை வந்து சேர்ந்துருச்சு” என்றார் அப்பா. என் தங்கை அடக்க முடியாமல் சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே கல்யாணம் முடிவாகிவிட்டது. இரண்டு வருடத்துக்கு முன் மாப்பிள்ளை மாரடைப்பில் போய்விட்டார்.

நான்கு வருடத்துக்கு முன் எனக்குக் கடுமையான காய்ச்சல். பத்து நாள் படுத்துக் கிடந்து எழுந்தபோது எனக்கு எந்த வாசனையும் தெரியவில்லை. சோப்பு தெரியவில்லை, தீய்ந்த பால் தெரியவில்லை. தாய் பாட்டிலைத் திறந்தேன். தண்ணீரை முகர்வது போல் இருந்தது. நாளை சரியாகும், அடுத்த மாதம் சரியாகும் என்று இருந்தேன். சரியாகவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். எழுதிக்கொள்ளுங்கள்.

சொல்லாமல் இருப்பது நான் நினைத்ததைவிடச் சுலபமாக இருந்தது. காகிதப் பட்டையைச் சென்டில் தொட்டு, கண்ணை மூடி, மூக்கருகில் ஆட்டி, சற்று யோசித்து, “ரோஜா கொஞ்சம் தூக்கல்” என்று சொன்னால் போதும். சுற்றி நிற்பவர்களுக்கும் ரோஜா தூக்கலாகத் தெரியும். நான்கு வருடம் கையெழுத்துப் போட்டேன். ஒரு பாட்டில்கூடத் திரும்பி வரவில்லை. அனுபவத்திலேயே சரியாக வந்துவிடுகிறது என்று நம்பினேன்.

இந்த வருடம் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டுத் திரும்பி வந்தேன். எடை அறைக் கதவு லேசாகத் திறந்திருந்தது. நான் காலையில் கையெழுத்திட்ட பேட்சில் என் தங்கை சொட்டுக்குழாயால் எதையோ விட்டுக்கொண்டிருந்தாள். விடுவாள், பட்டையில் தொட்டு முகர்வாள், மறுபடியும் விடுவாள். முகத்தில் ஒரு பதற்றமும் இல்லை. பழகிய கை.

உள்ளே போய் என்னவென்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நீல பாட்டிலை மாற்றுகிறாள் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். ஐம்பது வருட வாசனையில் கை வைக்கிறாள், என் நாற்காலிக்குக் கண் வைத்துவிட்டாள் என்று. அந்தத் தலையணை அம்மாவின் கடிதத்தை மறுபடியும் எடுத்துப் படித்தேன். தடுக்க வேண்டியது என் கடமை என்று தோன்றியது.

என் தங்கைக்கு ஒரு பழக்கம் உண்டு. எதையும் நேராக பாட்டிலில் முகரக் கூடாது, பட்டையில் தொட்டுத்தான் முகர வேண்டும் என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். அவள் தாய் பாட்டிலுக்கு மட்டும் அதை மீறுவாள். மாப்பிள்ளை போன பிறகு வந்த பழக்கம். காலையில் நான் அலமாரியைத் திறந்து கொடுத்ததும், மூடியை எடுத்து, மூக்கைப் பாட்டிலின் வாயில் வைத்து, கண்ணை மூடி, நெஞ்சு நிறைய ஒரு மூச்சு இழுப்பாள். பிறகுதான் வேலை. நான் ஒருநாளும் கண்டித்ததில்லை.

டேங்க் கழுவ ஒரு காரத் திரவம் வைத்திருக்கிறோம். முகமூடி இல்லாமல் திறக்கக் கூடாது என்று கேனில் சிவப்பு எழுத்தில் இருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை எல்லோருக்கும் முன்னால் ஏழு மணிக்கு வந்தேன். தாய் பாட்டிலில் இருந்ததைக் கைகழுவும் தொட்டியில் கொட்டினேன். தண்ணீரைத் திறந்துவிட்டேன். பிறகு கேனிலிருந்து அதை நிரப்பி, மூடியை இறுக்கி, அலமாரியில் பழைய இடத்திலேயே வைத்தேன்.

எட்டரைக்கு மீசைக்காரர் வராந்தாவில் நின்று மூச்சை இழுத்தார். “என்ன மூக்கு சார், இந்தப் பக்கமே கமகமன்னு இருக்கு? யாருக்குக் கல்யாணம்?” என்றார். நான் புன்னகை செய்தேன். வாசனையைப் பற்றி யார் பேசினாலும் நான்கு வருடமாக நான் செய்வது அதுதான்.

என் தங்கை வந்தாள். அலமாரியைத் திறந்து பாட்டிலை அவளிடம் கொடுத்தேன். வாங்கியவள் ஒரு கணம் நின்று, என் சட்டைக்கையைப் பார்த்துச் சிரித்தாள்.

“என்னண்ணா, உன் மேல நம்ம நீல பாட்டில் வாசனை? புது மாப்பிள்ளை மாதிரி இருக்கே.”

“சிந்திடுச்சு பாப்பா” என்றேன்.

அவள் மூடியை எடுத்தாள்.

மற்றது உங்கள் ஃபைலில் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு நான்தான் தூக்கிக்கொண்டு ஓடினேன். உள்ளே நரம்பு வெந்துவிட்டது, இனி வாசனை திரும்பாது என்று டாக்டர் சொன்னபோது நான் நிஜமாகவே அழுதேன். கம்பெனியிலிருந்து விசாரிக்க வந்தவர்களிடம் அவள், “நான்தான் பாட்டிலை மாத்தி எடுத்துட்டேன். என் கவனக்குறைவு” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அதிர்ச்சியில் குழம்பிப்போயிருக்கிறாள் என்று நினைத்தேன்.

வீடு திரும்பிய ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். தொண்டை இன்னும் கரகரவென்று இருந்தது. பீரோவிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தாள். உள்ளே மாப்பிள்ளை கடைசியாகப் போட்ட சட்டை. துவைக்காமல் வைத்திருந்திருக்கிறாள்.

“அண்ணா, எனக்கு ஒண்ணும் தெரியலை. நீ பாத்துச் சொல்லு. அவரு வாசனை இன்னும் இருக்கா?”

சட்டையை முகத்தில் வைத்து நீளமாக மூச்சு இழுத்தேன். கண்ணை மூடினேன். சற்று யோசித்தேன்.

“இருக்கு பாப்பா. நல்லாவே இருக்கு.”

“என்ன இருக்கு? பூவா?”

“ஆமா. நல்ல பூ வாசனை.”

அவள் சட்டையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு காலரைத் தடவினாள்.

“ரெண்டு வருஷத்துல பூ எப்பவோ போயிருக்கும்ணா. இருந்தா அடிப்பாசிதான் இருக்கும்.”

சட்டைக்காக மறுபடியும் கை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை.

“உனக்கு நாலு வருஷமா எதுவும் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். அந்தக் காய்ச்சலுக்கு அப்புறம் நீ பாஸ் பண்ணின மொதல் பேட்ச் வெறும் கிராம்பு. பல்வலி மருந்து மாதிரி இருந்துச்சு. வெளிய தெரிஞ்சா உன் பேரு போயிடும்னு நானே சரிபண்ணி அனுப்பிட்டேன். அதுக்கப்புறம் ஒவ்வொண்ணையும். உன்கிட்டச் சொன்னா நீ உடைஞ்சு போயிடுவேன்னு சொல்லலை.”

சட்டையை மடித்துக் கவருக்குள் வைத்தாள்.

“நான் கடைசியா மோந்தது உன் சட்டைக்கைதான்ணா” என்றாள். குரலில் கோபம் இல்லை. “மோப்பம் இருக்கறவன் அப்படி வந்து என் முன்னாடி நின்னிருக்க மாட்டான்.”

அதற்குப் பிறகு நான் கையெழுத்திட்ட பேட்ச்தான் அந்தப் பதினான்காயிரம். அதைச் சரிசெய்ய ஆள் இல்லை. எதை வைத்துச் சரிசெய்வது என்று காட்டத் தாய் பாட்டிலும் இல்லை. திறந்து பார்த்தவர்கள் இது எங்கள் வீட்டு வாசனை இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அந்தத் தலையணை அம்மாவும் வாங்கியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

வாசனையைக் காப்பாற்றத்தான் செய்தேன் என்று முதலில் எழுதித் தர இருந்தேன். அது பொய். அவள் கெடுக்கிறாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? முகர்ந்து பார்க்க எனக்கு மூக்கு ஏது? கதவுக்குப் பின்னால் நின்றபோது எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: என்னைப் பற்றி அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதற்காகத்தான் செய்தேன். தெரிந்தே செய்தேன். அவள் விபத்து என்று கொடுத்த கடிதத்தைக் கிழித்துவிடுங்கள்.

அவளுக்கு என் மேல் வருத்தம் இருக்கும் என்று நீங்கள் நினைக்கலாம். அப்படி ஒன்றும் இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் அவளே போன் செய்து என்னைக் கூப்பிடுகிறாள். பக்கத்து வீட்டில் நல்ல மூக்கோடு நாலு பேர் இருக்கிறார்கள், அவர்களைக் கேட்பதில்லை. கவரைத் திறந்து சட்டையை என் கையில் கொடுத்து, “இருக்காண்ணா?” என்று கேட்கிறாள். நான் கண்ணை மூடி முகர்ந்து, “இருக்கு பாப்பா, அடியில பாசி” என்கிறேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு வாங்கி மடித்து வைத்துவிடுவாள். வேறு எதுவும் பேசுவதில்லை. மன்னிக்காதவளாக இருந்தால் வாராவாரம் என்னையே கூப்பிட்டுக் கேட்பாளா, நீங்களே சொல்லுங்கள்.