சீட்டில் விழுந்த பாடம்

ஆண்டு 1952. தக்கலையில் பேருந்து நிற்கும் இடம், மாலை நேரம். கடற்கரைப் பள்ளி ஒன்றின் ஆசிரியை குளோரி மடியில் மூடிய ஓலைப் பெட்டியான கடவத்தோடு அமர்ந்திருக்கிறாள். அருகில், கீரிப்பாறைப் பக்கம் போகும் வண்டிக்குக் காத்திருக்கும் செல்லக்கனி. அவள் யார் என்பதைக் குளோரி அறியாள்.

செல்லக்கனி: …அதில்ல மக்கா, கடவத்துக்குள்ள என்னவோ பிராண்டுதே?

குளோரி: நண்டாக்கும். அத்தைக்குக் கொண்டாந்தேன், வீட்டுல ஆளில்ல. அத விடுங்க… ஒங்க அப்பா ரப்பர் பால் வெட்டுதவருன்னு சொன்னியளே, நெசந்தானா?

செல்லக்கனி: பொய் சொல்லி எனக்கென்ன கெடைக்கும்?

குளோரி: அப்போ ரப்பர் மரத்தப் பத்தி எல்லாம் சொல்லுங்க. விடியிறதுக்குள்ள எனக்குத் தெரியணும்.

செல்லக்கனி: ஏன், மரத்தையா கட்டிக்கிடப் போற?

குளோரி: சிரிக்காதிங்க அக்கா. ஆறு வருசமா டீச்சர் வேல பாக்கேன், டிரெயினிங் சர்ட்டிபிகேட் கெடையாது. நாளைக்கு இன்ஸ்பெக்டர் முன்னால ஒரு பாடம் நடத்திக் காட்டணும். தோத்தா… ஜூன் மாசம் வேல போச்சு.

செல்லக்கனி: தெரிஞ்ச பாடத்த நடத்து.

குளோரி: சீட்டுல விழுந்ததத்தான் நடத்தணும். மாத்தப்பிடாது. மத்தியானம் எடுத்தேன், ரப்பர் மரம். கடப்புறத்துல பொறந்தவ, தென்னைய விட்டா மரம் எங்க கண்டேன்? ஆறு வருசம் பிள்ளைகள எழுத வச்ச கைக்கு, ஒரு துண்டுச் சீட்டு விலை பேசுது.

செல்லக்கனி: …சரி. நீ ஒண்ணு கேளு, நான் ஒண்ணு கேக்கேன்.

குளோரி: நீங்க என்னத்தக் கேப்பிய?

செல்லக்கனி: நண்டப் பத்தி. ஒரு ஆசைதான்.

குளோரி: நல்ல ஆசை… பால எப்ப வெட்டுவாவ?

செல்லக்கனி: வெயிலு ஏறதுக்கு முன்ன. ஏறிட்டா ஒழுக்கு நின்னுரும். பட்டையச் சரிச்சுக் கீறி, கீழ பால் விழத் தேங்காச் சிரட்டைய வைக்கணும். கத்தி உள்தடியத் தொட்டா மரத்துக்குக் காயம்… நண்டு ஏன் பக்கவாட்டுல நடக்குது?

குளோரி: காலு மடங்குத மூட்டு அப்படி. இந்தா, தொறந்து காட்டுதேன், பாருங்க.

செல்லக்கனி: ஏட்டி, கிட்ட கொண்டாராத! …ஓடு அதோட கூடவே வளருமா?

குளோரி: வளராது. பழசக் கழட்டிட்டுப் புதுசு போடும்… பால் எப்படி உறையுது?

செல்லக்கனி: ஆசிட் ஊத்தி… இரு, இது ஆணா பொண்ணா?

குளோரி: அடிவயித்துல மடிப்பு அகலமா இருந்தா பொண்ணு. ஒடுக்கமா இருந்தா… அக்கா, நான் சொல்லச் சொல்ல நீங்க வாய்க்குள்ள திருப்பிச் சொல்லுதிய.

செல்லக்கனி: இல்லியே.

குளோரி: மூட்டு, ஓடு, மடிப்புன்னு வரிசையா… யாருகிட்ட ஒப்பிக்கணும்?

செல்லக்கனி: …இன்ஸ்பெக்டர்கிட்ட. தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல நானும் டிரெயினிங் இல்லாத டீச்சர்தான். காலையில எடுத்த சீட்டுல நண்டு விழுந்துது. மலையில கெடக்கவளுக்கு நண்டு! எல்லாரையும் பாஸாக்க மாட்டாவளே, நானும் போட்டிக்கு நிக்கேன்னு தெரிஞ்சா நீ வாயத் தொறக்க மாட்டேன்னு… பயந்துட்டேன் மக்கா.

குளோரி: அத்தைன்னு எனக்கு ஒருத்தரும் இல்ல அக்கா. சீட்டு எடுக்கணும்னு தெரியாம, கடப்புறத்துக்காரிக்குக் கடல் பாடந்தான் தருவாவன்னு நம்பி, ஒரு வாரமாப் படிச்சுக் கொண்டாந்த நண்டு இது. ஒங்க வண்டி போனா போவட்டும்… மொதல்ல நீங்க பிள்ளையா இருங்க, பாடம் முச்சூடும் நடத்துதேன். பொறவு நீங்க டீச்சரு, நான் பிள்ளை.